நீல லைனில் வந்த ஆவி

அத்தியாயம் - 7

"வேடியப்பா, உனக்கு ஆவியில நம்பிக்கை உண்டா?"

எழிலரசி மேடம் இதைக் கேட்டபோது நான் என் மொபெட்டைத் தள்ளிக்கொண்டிருந்தேன். தீபத்தன்று செங்கம் ரோட்டில் வண்டி ஓட்ட எவனுக்கும் அனுமதி கிடையாது. ஜனம் மொத்தமும் மலையைச் சுற்றி ஒரே திசையில் நடக்க, நாங்கள் மட்டும் குறுக்கே புகுந்து போய்க்கொண்டிருந்தோம். என் கால் கட்டைவிரல் மூன்று மாநிலத்துக்காரர்களிடம் மிதி வாங்கிவிட்டது.

"நம்பிக்கை இல்ல மேடம். பயம்தான் இருக்குது."

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"அதெப்படி? உங்க மேல எனக்கு நம்பிக்கையும் இருக்குது, பயமும் இருக்குது. ரெண்டும் வேற வேறதான்."

மேடம் சிரிக்கவில்லை. அவர் சிரிக்காவிட்டால் விஷயம் மோசம் என்று அர்த்தம்.

மேடத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கரண்ட் திருட்டைப் பிடிக்கும் பறக்கும் படையில் பல வருஷம் இருந்தவர். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு தேரடித் தெருவில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே துப்பறியும் அலுவலகம் திறந்தார். கம்பியைப் பார்த்தாலே எவன் கொக்கி போட்டிருக்கிறான் என்று சொல்லிவிடுவார். ஆளைப் பார்த்தாலும் அப்படித்தான். நான் அவருடைய உதவியாளன். என்னைப் பற்றி ஒரு வரி போதும்: பயந்தாங்கொள்ளி.

இந்த 2006-ஆம் வருஷத்துக் கார்த்திகையில் எங்கள் கையில் இருந்த ஒரே கேஸ் புகழேந்தி. காணாமல் போய்ப் பத்து நாளுக்கு மேல் ஆகிறது. கீழ்பென்னாத்தூர்ப் பையன். சென்னையில் கம்ப்யூட்டர் வேலையை உதறிவிட்டு, ரமணாசிரமத்துக்குப் பக்கத்துச் சந்தில் சந்திரம்மாள் என்பவரின் வீட்டு மாடியை வாடகைக்கு எடுத்து, ராப்பகலாக எதையோ செய்துகொண்டிருந்தான். அந்த 'எதையோ' தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிய ஒரு டப்பா. அவன் அதற்கு வைத்த பெயர் அகல். கரண்டுக்கும் விளக்குக்கும் நடுவில் அதை மாட்டினால் விளக்கு சொன்ன பேச்சு கேட்கும். ஃபேனுக்கு மாட்டினால் ஃபேன் கேட்கும். அதற்கென்று தனி ஒயர் கிடையாது. சுவரில் ஏற்கெனவே ஓடுகிற கரண்ட் கம்பி வழியாகவே ஒரு டப்பா இன்னொரு டப்பாவைக் கூப்பிடும்.

அதில் அவனுக்கு ஒரு பிடிவாதம். அந்த டப்பாக்கள் பேசிக்கொள்ளும் முறைக்கு யாரும் சொந்தக்காரனாக இருக்கக் கூடாது. எந்தக் கம்பெனி விளக்கும் எந்தக் கம்பெனி சுவிட்சோடும் பேச வேண்டும், யார் வேண்டுமானாலும் எடுத்துச் செய்துகொள்ளட்டும் என்பான். 'ஓப்பன் சோர்ஸ்' என்கிறார்களே, அது. தீபத்தன்று மொத்தத்தையும் இன்டர்நெட்டில் உலகத்துக்கே விட்டுவிடுவேன் என்று சொல்லிக்கொண்டிருந்தான். இன்றுதான் தீபம். ஆளைத்தான் காணோம்.

அவன் காணாமல் போன கொஞ்ச நாளில் சந்திரம்மாள் வீட்டு விளக்கு தானாக அணைந்து எரிய ஆரம்பித்தது. பையன் செத்துவிட்டான், ஆவி வந்து விளக்கை ஆட்டுகிறது என்று சந்து முழுக்கப் பேச்சு.

சந்திரம்மாள் வீட்டுக்கு எதிர்வீடு பூட்டிக் கிடந்தது. பச்சைக் கேட், கேட்டில் தேங்காய் அளவுக்குப் பூட்டு, அதில் ஒட்டடை. வெளிநாட்டில் இருக்கும் யாருடைய வீடோ. அந்தக் கேட்டில் என் மொபெட்டைச் சாய்த்துவிட்டுத் திரும்பினால், சந்திரம்மாள் வீட்டு வாசலில் தென்றல் நின்றுகொண்டிருந்தாள். புகழேந்தியின் தங்கை. கீழ்பென்னாத்தூரில் ஒரு உரக்கடையில் வேலை பார்க்கிறாள். எங்களிடம் கேஸ் கொடுத்தவளே அவள்தான்.

"உள்ள வாம்மா," என்றார் மேடம்.

"வரமாட்டேங்க்கா."

"ஏன்?"

"உள்ள வந்து அந்த வெளக்கு ஆடறத நான் பாத்துட்டேன்னா..." அவள் துப்பட்டா நுனியை விரலில் சுற்றிச் சுற்றி இறுக்கினாள். விரல் வெளுத்துவிட்டது. "எங்கண்ணன் செத்துட்டான்னு ஆயிடும். நான் இங்கயே நிக்கிறேன்."

நான் வாயைத் திறக்கவில்லை. கிண்டலுக்கும் ஒரு இடம் உண்டு.

சந்திரம்மாள் ஹாலில் டிவிக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். கழுத்தில் புதுத் தாயத்து. கையில் இன்னொரு தாயத்து. நெற்றியில் விபூதி கொட்டிக் கிடந்தது.

"எப்படிம்மா வருது ஆவி?" என்றார் மேடம்.

"இதோ, இந்த ஹால் வெளக்குதாம்மா. அணையும், எரியும். அணையும், எரியும். அணையும், எரியும். அப்புறம் கம்முனு இருக்கும். நான் அப்பாடான்னு மூச்சு வுடறப்போ மறுபடியும் அதேமாதிரி."

"எப்போ வரும்?"

"நான் சீரியல் பாக்கறப்போ."

"சீரியல் பாக்குற ஆவியா?" என்றேன். "அப்போ பொம்பள ஆவியா இருக்கும் மேடம். கேஸ் வேற."

"வாயை மூடு," என்றார் மேடம். "பகல்ல வருதாம்மா?"

"பகல்ல ஒருநாளும் வந்ததில்ல. சனி, ஞாயிறும் வராது."

"வாரத்துல ரெண்டு நாள் லீவா? கவர்மென்ட் ஆவி," என்றேன். என்னால் முடியவில்லை, வந்துவிட்டது.

ஆனால் மேடம் என்னைத் திட்டவில்லை. அவர் முகம் மாறியிருந்தது. "சனி, ஞாயிறு சீரியல் கிடையாது. இல்லியா?"

"ஆமா."

"சீரியலுக்கு உக்கார்றதுக்கு முன்னாடி என்ன பண்ணுவீங்க? ஒண்ணு விடாம சொல்லுங்க."

"என்னாத்த பண்ணுவாங்க? சாமிக்கு வெளக்கு வெப்பேன். காபி போடுவேன். லைனு மாத்துவேன். உக்காருவேன்."

"லைன் மாத்துவீங்களா?"

"பின்ன? சாயந்திரம் ஆச்சுன்னா வோல்டேஜ் கம்மி. டிவியில படம் நாலு பக்கமும் சுருங்கிடும். மாமியாக்காரி மூஞ்சி பாதிதான் தெரியும். அவ மூஞ்சி தெரியலன்னா எதுக்கு சீரியலு?"

இதில் அதிசயம் ஒன்றுமில்லை. எங்கள் ஊரில் மூன்று லைன் இழுத்திருக்கிற எல்லா வீட்டிலும் இதுதான் வழக்கம். மெயின் போர்டில் சிவப்பு, மஞ்சள், நீலம் என்று மூன்று குட்டி பல்பு இருக்கும். பக்கத்தில் ஒரு திருகு சுவிட்ச் இருக்கும். எந்த லைனில் கரண்ட் நன்றாக இருக்கிறதோ அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வோம். என் வீட்டில் அந்தத் திருகு தேய்ந்து, இப்போது கட்டிங் பிளேயரால் திருப்புகிறோம்.

"எந்த லைனுக்கு மாத்துவீங்க?"

"நீலத்துக்கு. எங்க வீட்ல எப்பவும் சிவப்பு. சாயந்திரம் நீலம் நல்லா வரும். படுக்கறதுக்கு முன்னாடி திரும்ப சிவப்புக்கே போட்டுடுவேன்."

"நேத்து ஆவி வந்துச்சா?"

"இல்லம்மா. நாலஞ்சு நாளா நீலத்துக்குத் திருப்பறதே இல்ல. அந்தக் கண்றாவிய சுருங்குன படத்துலதான் பாக்கறேன். ஆவியும் வரல. நான் பரிகாரம்னு நெனச்சுக்கிட்டேன்."

"ஏன் திருப்பறதில்ல?"

"சகாதேவன் தம்பிதான் சொல்லிச்சு. நீல லைன்ல போடாதீங்கம்மா, ஃபிரிட்ஜு எரிஞ்சிடும்னு. தங்கமான புள்ள. அன்னிக்கு என்னைப் பாக்க வந்தப்போ ஆவி அது கண்ணு எதிர்லயே வந்துச்சு. பயந்துபோய் போர்டையெல்லாம் பாத்துட்டு சொல்லிச்சு. புகழேந்தி மாட்டுன டப்பாவையெல்லாம் தீபம் முடிஞ்சு நாளைக்கு தானே வந்து கழட்டிக்கிட்டுப் போறேன்னும் சொல்லியிருக்குது."

சகாதேவன் யார் என்றால், புகழேந்தியின் கூட்டாளி. அகல் டப்பாவுக்கு முதல் போட்டவன். தென்றலோடு போலீஸ் ஸ்டேஷனுக்கு அலைந்தவன். எங்கள் ஆபீசில் வந்து உட்கார்ந்து என் கர்ச்சீப்பை வாங்கிக் கண் துடைத்தவன். கர்ச்சீப் இன்னும் திரும்பி வரவில்லை.

மேடம் எழுந்து மெயின் போர்டுக்குப் போனார்.

"மேடம், வேணாம்," என்றேன்.

"ஹால் லைட்டைப் போடு."

போட்டேன். வெளியே மேகம் மூடி, மத்தியானமே சாயந்திரம்போல இருந்தது. மேடம் திருகைப் பிடித்து நீலத்துக்குத் திருப்பினார். விளக்கு ஒரு முறை துடித்துவிட்டு இன்னும் பிரகாசமாக எரிந்தது. அவ்வளவுதான்.

காத்திருந்தோம். ரோட்டில் போகும் கூட்டத்தின் சத்தம் மெல்லக் கேட்டது. சந்திரம்மாள் தாயத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். ஒன்றும் நடக்கவில்லை. நான் நிம்மதியாக, "ஆவிக்கும் இன்னிக்கு தீப லீவு போல..." என்று ஆரம்பித்தேன்.

விளக்கு அணைந்தது.

எரிந்தது. அணைந்தது. எரிந்தது. அணைந்தது. எரிந்தது.

பட்டப்பகலில். மூன்று பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது. சந்திரம்மாள் பூஜை அறைக்குள் ஓடிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். என்னையும் உள்ளே விடுங்கள் என்று கேட்க நினைத்தேன், குரல் வரவில்லை.

மேடம் சிவப்புக்குத் திருப்பினார். வெகுநேரம் ஒன்றுமில்லை. திரும்ப நீலத்துக்குத் திருப்பினார். கொஞ்ச நேரத்தில் மறுபடி அதே மூன்று.

"நீல லைனுக்கு வந்தா மட்டும் வர்ற ஆவி," என்றார். "வேடியப்பா, போய் அந்தப் பொண்ணைக் கூட்டிட்டு வா. தூக்கிக்கிட்டாவது வா."

தென்றலைத் தூக்க வேண்டியிருக்கவில்லை. என் முகத்தைப் பார்த்தே அவளுக்குப் பாதி உயிர் போய்விட்டது. பின்னாலேயே வந்தாள். ஹால் நடுவில் நின்று கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள்.

"கண்ணைத் தொறம்மா," என்றார் மேடம். "உங்கண்ணன் உனக்கு இப்படி எப்பவாவது வெளக்கைப் போட்டுக் காட்டியிருக்கானா?"

அவள் கண்ணைத் திறந்தாள். விளக்கு மூன்று தடவை அணைந்து எரிந்தது.

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "பாம்பு," என்றாள்.

நான் சோபா மேல் ஏறி நின்றேன். "எங்க?"

"இங்க இல்லண்ணா. எங்க கழனியில." அவளுக்கு மூச்சு வாங்கியது. "எங்களுக்கு மல்லாட்டை போடற கழனி. கரண்டு எப்ப வரும்னு தெரியாது, அண்ணன்தான் மோட்டார் கொட்டாயில காத்துக்கெடப்பான். அங்கேருந்து வீடு தெரியும். கொட்டாய் பல்பை ரெண்டு தடவை அணைச்சுப் போட்டான்னா, பசிக்குது, சோறு எடுத்துக்கிட்டு வான்னு அர்த்தம். மூணு தடவைன்னா வரப்புல பாம்பு கெடக்குது, வராதேன்னு. நான் வீட்டு வாசல் பல்பை ஒரு தடவை அணைச்சுப் போடுவேன். பாத்துட்டேன்னு." அவள் மேடத்தின் புடவையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, இது எங்க ரெண்டு பேரைத் தவிர யாருக்கும் தெரியாது. ஆவிக்கு இதெல்லாம் ஞாபகம் இருக்குமா?"

"ஆவிக்குக் கரண்ட் லைன் பேதம் கிடையாதும்மா. உயிரோட இருக்கிறவனுக்குத்தான் உண்டு." மேடம் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். "உங்கண்ணனை யாரோ பூட்டி வெச்சிருக்காங்க. போன் கெடையாது, இன்டர்நெட் கெடையாது. ஆனா ஒரு கம்ப்யூட்டரும் அகல் டப்பாவும், மாட்டிப் பாக்க ஒரு பல்பும் கைல குடுத்து வேலை வாங்கறாங்க. டப்பாவை பிளக்குல சொருகினாத்தான் வேலை நடக்கும். சொருகினா அது அந்த லைன்ல இருக்கிற எல்லா டப்பாவுக்கும் கேக்கும். உங்கண்ணன்தான் யாருக்கும் பூட்டு போடாம செஞ்சு வெச்சிருக்கானே. இந்தச் சந்து முழுக்க ஒரே டிரான்ஸ்ஃபார்மர். அதோட நீல லைன்ல எங்கயோ இருக்கான்."

"என்ன வேலை வாங்கறாங்க?" என்றேன்.

"பூட்டு போடற வேலை. ஊருக்கே சும்மா குடுக்கப் போற சாமானை எந்தக் கம்பெனி வெலை குடுத்து வாங்கும்? அவங்க டப்பா அவங்க டப்பாவோட மட்டும்தான் பேசணும்னு மாத்தித் தரச் சொல்வாங்க. அவன் மாத்தி முடிச்சிட்டா, அந்த டப்பா இந்த வெளக்கோட பேசாது." மேடம் நிறுத்தினார். சொல்லலாமா என்று யோசித்து, சொன்னார். "அப்புறம் அவனும் அவங்களுக்குத் தேவைப்படமாட்டான்."

ஆவி என்றால் அது ஏற்கெனவே செத்தது. அதற்கு மேல் கெட ஒன்றுமில்லை. இவன் உயிரோடு இருக்கிறான். இனிமேல்தான் எதுவும் நடக்கலாம். இது அந்தப் பயத்தை விட மோசமான பயம்.

"சகாதேவன்," என்றாள் தென்றல் மெல்ல. "ஃபிரிட்ஜு எரிஞ்சிடும்னு சொன்னது அவருதானே?"

"டப்பாவுக்கு முதல் போட்டவனுக்கு சந்திரம்மாவோட ஃபிரிட்ஜ் மேல என்ன அக்கறை? நான் இப்பக் கண்டுபிடிச்சதை அவன் அன்னிக்கே இங்க நின்னு கண்டுபிடிச்சிட்டான். நாளைக்குக் கூட்டம் கலைஞ்சு ரோடு திறந்ததும் பையனை வேற எடத்துக்கு மாத்துவான்."

போலீசுக்குப் போன் போட்டேன். நெட்வொர்க் பிஸி. மறுபடி போட்டேன், பிஸி. ஊரில் இருந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் யாரையோ 'எங்க இருக்கே?' என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ஒவ்வொரு வீடா தட்டிப் பாத்துடலாம் மேடம்."

"நீல லைன்ல அம்பது வீடு இருக்கும். நாலாவது வீட்டைத் தட்டறதுக்குள்ள சகாதேவன் காதுக்குப் போயிடும். அப்புறம் அந்தப் பையன் கதி?" மேடம் ஜன்னல் வழியாக மலையைப் பார்த்தார். உச்சி மேகத்துக்குள் இருந்தது. "இந்தத் தெருவுல தீபம் ஏத்தற வரைக்கும் யாரும் வீட்ல லைட் போடமாட்டாங்க, இல்லியா?"

"போடமாட்டாங்க. மலையில ஏத்தினப்புறம்தான் அகலு, பல்பு எல்லாம். அதுவரைக்கும் எல்லாரும் மொட்டை மாடியில இருட்டுல நிப்பாங்க."

"அம்பது வீடும் இருட்டா இருக்கும். அப்போ நாம அவனைக் கூப்பிடுவோம்."

சந்திரம்மாள் கழற்றி வைத்த டப்பாக்கள் பூஜை அறையில் மஞ்சள் துணியில் கட்டி, மேலே எலுமிச்சம்பழம் வைக்கப்பட்டிருந்தன. ஹால் விளக்குக்கு மட்டும் கை எட்டாததால் அது தப்பித்திருந்தது. மூட்டையை அவிழ்த்தால் உள்ளே ஒன்றில் காலிங் பெல் மாதிரி ஒரு பட்டன். அதை அமுக்கினால் லைனில் இருக்கிற அத்தனை டப்பாவின் விளக்கும் ஒரு தரம் எரிந்து அணையும் என்று தென்றல் சொன்னாள். அவள் வந்தபோதெல்லாம் அண்ணன் காட்டியிருக்கிறான்.

இருட்டுவதற்குச் சற்று முன்னால் வாசலில் குரல் கேட்டது. "அம்மா, பொரி உருண்டை கொண்டாந்தேன்."

சகாதேவன்.

வெள்ளை வேட்டி, நெற்றியில் சந்தனம், கையில் தூக்கு. சிரித்துக்கொண்டே உள்ளே வந்தவன் எங்களைப் பார்த்ததும் சிரிப்பைச் சோகமாக மாற்றினான். "ஏதாவது தகவல் தெரிஞ்சுதுங்களா மேடம்?"

"ஒண்ணும் புடிபடல சார்," என்றார் மேடம். "மேல வாங்க. மாடியிலேருந்து தீபம் நல்லாத் தெரியும். எல்லாரும் சேர்ந்து வேண்டிக்குவோம்."

அவனால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. படி ஏறினான். மேடம் பின்தங்கி என் கையில் ஒரு பூட்டைத் திணித்தார். "எல்லாரும் ஏறினதும் படிக் கேட்டைப் பூட்டு. இன்னொண்ணு. இந்த வருஷம் நீ மலையைப் பாக்காதே."

"அநியாயம் மேடம்! பொறந்ததுலேருந்து ஒரு தீபம் விட்டதில்ல நான்."

"மலையைப் பாக்காத ஆளைப் பாரு."

மொட்டை மாடியில் நல்ல இருட்டு. தெரு முழுக்க எல்லா மாடியிலும் ஜனம் நிற்பது தெரிந்தது, முகம் தெரியவில்லை. மேகம் விலகி மலை கருப்பாக நின்றது. குழந்தைகள்கூடக் குரலை அடக்கிக்கொண்டு பேசின. தென்றல் புகழேந்தியின் மாடி அறைக்குள், பிளக்குக்குப் பக்கத்தில் இருட்டில் உட்கார்ந்திருந்தாள். கீழே திருகு நீலத்தில் இருந்தது. ஹாலில் சந்திரம்மாள் தனியாகக் காவல். மூன்றாவது தாயத்தும் கட்டிக்கொண்டுதான் சம்மதித்தார்.

எல்லாரும் மலையைப் பார்த்து நின்றார்கள். நான் மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். சகாதேவன் கைகூப்பி நின்றான். முகம் மலைப்பக்கம்தான் இருந்தது. ஆனால் கழுத்து அடிக்கடி திரும்பியது. ஒருமுறை. இன்னொரு முறை. தெருவுக்கு அந்தப் பக்கம்.

மேடம் தொண்டையைச் செருமினார்.

உள்ளே பட்டன் அமுங்கும் சின்னச் சத்தம்.

தெருவுக்கு அந்தப் பக்கம், பூட்டிக் கிடந்த வீட்டின் மாடி வென்டிலேட்டரில் மஞ்சள் வெளிச்சம் ஒரு தரம் பளிச்சென்று எரிந்து அணைந்தது. பச்சைக் கேட் வீடு. வாசலில் ஒட்டடை பிடித்த பூட்டைக் காட்டிவிட்டு, பின்வாசல் வழியாகப் போய் வந்திருக்கிறார்கள். நான் மத்தியானம் என் மொபெட்டைச் சாய்த்துவிட்டு வந்த அதே கேட். கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் அவன் இருந்திருக்கிறான்!

தென்றல் அறை வாசலுக்கு வந்துவிட்டாள். அவளும் அதைப் பார்த்தாள். ஆனால் அவள் முகத்தில் சந்தோஷம் இல்லை. "அது நான் போட்டதுக்கா," என்றாள். "டப்பா கேட்டுச்சு. அவ்வளவுதான். அண்ணன் போடல."

அவள் சொன்னது உண்மை. அந்த விளக்குக்கு முன்னால் ஒரு பிணம் கிடந்தாலும் அது எரிந்திருக்கும்.

இருட்டு. வென்டிலேட்டர் செத்துக் கிடந்தது. மத்தியானம் பேசியவன் இப்போது ஏன் பேசவில்லை? அதற்குள் வேலையை முடித்துவிட்டானா? முடிக்க வைத்துவிட்டார்களா? கடவுளே, அண்ணாமலையாரே, உனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன், மன்னிச்சுக்கோ, அந்தப் பையனை மட்டும் விட்டுடு என்று வேண்டினேன்.

வெளிச்சம். இருட்டு. வெளிச்சம். இருட்டு. வெளிச்சம். இருட்டு.

மூன்று.

"அண்ணா!" என்று தென்றல் கத்தினாள்.

சகாதேவன் படியை நோக்கிப் பாய்ந்தான். தடதடவென்று இறங்கி, பூட்டிய கேட்டில் மோதி, உலுக்கினான். பூட்டு அசையவில்லை. திரும்பி மேலே வந்தவன் வேறு ஆளாக இருந்தான். தென்றல் கையிலிருந்த டப்பாவை ஒயரோடு பிடுங்கித் தரையில் அடித்தான். அது துண்டு துண்டாகச் சிதறியது.

"இப்போ கூப்புடு பாக்கலாம்!"

"கூப்பிட வேண்டியதில்ல. அவன்தான் கூப்பிடறானே, பாரு," என்றார் மேடம். எதிரே வென்டிலேட்டர் மறுபடி மூன்று முறை எரிந்து அணைந்தது. "போன் ஒயரை அறுத்தே. இன்டர்நெட்டை நிறுத்தினே. பிளக் பாயிண்டும் ஒரு ஒயர்தான்னு உனக்கு லேட்டாத்தான் தோணிச்சு."

"என் சொத்தெல்லாம் போட்டேன் மேடம்! சும்மா குடுக்கறேன்னு நிக்கறான் பைத்தியக்காரன். பூட்டில்லாத பொருளை எவன் வாங்குவான்?"

"பூட்டு இருந்திருந்தா இன்னிக்கு அவன் செத்திருப்பான்."

சகாதேவன் மேடத்தை நோக்கி ஒரு அடி வைத்தான். நான் குறுக்கே போய் நின்றேன். ஏன் நின்றேன் என்று எனக்கே தெரியாது. அதற்குள் தென்றல் போட்ட கூச்சலில் பக்கத்து மாடியிலிருந்து இரண்டு பேர் கைப்பிடிச் சுவரைத் தாண்டிக் குதித்து அவன் கையை முறுக்கிவிட்டார்கள். முறுக்கியதில் அவன் இடுப்பிலிருந்து கீழே விழுந்தது என் கர்ச்சீப்.

"வேடியப்பா, ஓடு!" என்றார் மேடம். "கீழே கடப்பாரை இருக்கு."

"தனியாவா மேடம்? உள்ள வேற ஆள் இருந்தா?"

"இருந்தா பயப்படு. ஆனா ஓடிக்கிட்டே பயப்படு."

ஓடினேன். படிக் கேட்டைத் திறந்து, எனக்குப் பின்னால் மறுபடி பூட்டி, கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு தெருவைக் கடந்தேன். பச்சைக் கேட்டின் பூட்டில் ஓங்கி அடித்தபோதுதான் அது நடந்தது. ஊரே ஒரே குரலில் "அண்ணாமலையாருக்கு அரோகரா!" என்று எழும்பியது. என் முதுகுப் பக்கம் மலை உச்சியில் தீபம் ஏறிவிட்டது. நான் பார்க்கவில்லை. வீடு வீடாக விளக்குகள் எரிய ஆரம்பித்துவிட்டன. மாடிக்கு மாடி அகல் வரிசை, சீரியல் பல்பு, டியூப் லைட். இனி அந்த வென்டிலேட்டர் வெளிச்சத்தை யாரும் கவனிக்கப் போவதில்லை என்று நினைத்தேன்.

பூட்டு மூன்றாவது அடியில் தெறித்தது. கேட்டைத் தள்ளி, கதவைக் கடப்பாரையால் இடித்துக்கொண்டே கத்தினேன். "புகழேந்தி! தென்றல் வந்திருக்குதுப்பா! பாம்பைப் புடிச்சாச்சு!"

உள்ளே மாடியில் ஏதோ உருண்டு விழும் சத்தம். அப்புறம் மௌனம். உள்ளே யாரோ நிற்கிறான், கதவு திறந்ததும் என் மண்டையில் ஒன்று போடப்போகிறான் என்று மனசு அடித்துக்கொண்டது. ஆனாலும் இடித்தேன்.

எதிர் மாடியிலிருந்து தென்றல் சிரித்தாளா, அழுதாளா, என்னால் சொல்ல முடியாது. இரண்டும் ஒரே குரலில் வந்தது.

"வேடியப்பண்ணா! மேல பாருங்க! ரெண்டு தடவை போடறான்!"

நிமிர்ந்து பார்த்தேன். ஊரே ஜொலித்துக்கொண்டிருந்தது. நடுவில் அந்தச் சின்ன வென்டிலேட்டர் எரிந்தது, அணைந்தது. எரிந்தது, அணைந்தது. நின்றது.

"சீக்கிரம் ஒடைங்கண்ணா!" என்று அவள் தெரு முழுக்கக் கேட்கக் கத்தினாள். "எங்கண்ணனுக்குப் பசிக்குதாம்!"